ஆங்கில உச்சரிப்புப் பயிற்சியில் பிள்ளைகளுக்கு ஆர்வம் வர என்ன செய்யலாம்?

குடியாத்தம் ஆசிரியை: எங்கள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆங்கிலத்தைப் பிழையின்றி எழுதினாலும், வாய்விட்டுப் படிக்கச் சொன்னால் தலைகுனிந்து விடுகிறார்கள். அவர்கள் விரும்பிப் பயில வழி உண்டா?

காட்பாடி வாசகர்: அம்மா, உதட்டின் முன் மெல்லிய தாளைப் பிடித்து ‘பின்’ (pin), ‘ஸ்பின்’ (spin) என்று சொல்லச் செய்யுங்கள். ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் அந்தப் பகர ஒலி மூச்சுக்காற்றுடன் வெடிப்பதால் முதற்சொல்லுக்குத் தாள் நன்றாக அசையும். ஸகரத்தை அடுத்து வரும்போது அவ்வளவாக அசையாது. தாளைக் கவனிக்கும் ஆவலில் பிள்ளைகளின் கூச்சம் குறையும்.

ஆற்காடு வாசகர்: சொல்லில் ஓர் அசையை மட்டும் ஓங்கி ஒலிக்கும் அழுத்தம்தான் இன்னும் முக்கியம் என்பேன். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசைக்கும், ‘ஃபோட்டோகிராஃபர்’ என்பதில் இரண்டாம் அசைக்கும் கைதட்டச் சொல்லுங்கள். ஒருவர் பேசும்போது நடுவில் திருத்த வேண்டாம்.

குடியாத்தம் ஆசிரியை: மிக்க நன்றி ஐயா. தாள் பயிற்சியை நாளையே தொடங்குகிறேன்.