ஸ்பிரிட்ஸ் நீர்த்துப் போகிறது: அபெரோலை விட்டுக் கம்பாரிக்கு மாறுவதா, ஹுகோவுக்கு மாறுவதா?

கேள்வி (ஜெலுத்தோங், பினாங்கு):
வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை என் அண்ணியின் பிறந்தநாளுக்காக எட்டுப் பேர் எங்கள் வீட்டு பால்கனியில் கூடுகிறோம். ஒத்திகையாக, ஒயினில் மதுவும் சோடாவும் சேர்த்துக் கலக்கும் இத்தாலியப் பானமான ஸ்பிரிட்ஸை அபெரோல் ஊற்றிக் கலந்து பார்த்தேன். புரொசெக்கோ என்ற நுரைக்கும் ஒயின் மூன்று பங்கு, அபெரோல் என்ற ஆரஞ்சு நிறக் கசப்பினிப்பு மது இரண்டு பங்கு, சோடா ஒரு பங்கு என்ற வழக்கமான அளவில் ஊற்றியும், கால் மணி நேரத்தில் ஆரஞ்சு நிறம் வெளிறி, கிளாசில் சர்க்கரைத் தண்ணீர்தான் மிஞ்சியது. கம்பாரி என்ற சிவப்புக் கசப்பு மதுவை ஊற்றிய ஸ்பிரிட்ஸ், ஹுகோ என்ற ஸ்பிரிட்ஸ் வகை, இரண்டில் எது நம் வெயிலுக்குத் தாங்கும்?

பதில் (தஞ்சோங் தொக்கோங்):
தம்பி, என்ன ஐஸ் போட்டீர்கள்? புரொசெக்கோ எவ்வளவு நேரம் ஃபிரிட்ஜில் இருந்தது?

கேள்வி கேட்டவர்:
உடைத்த ஐஸ், ஐந்தாறு துண்டுகள் போட்டேன் அண்ணா. புரொசெக்கோவைக் காரிலிருந்து எடுத்து வந்த சூட்டோடு திறந்துவிட்டேன்.

பதில் (தஞ்சோங் தொக்கோங்):
அப்படியானால் அபெரோல் மீது பழி வேண்டாம். வட இத்தாலியின் வெனெட்டோ வட்டார ஒயின் கடுமையாக இருந்ததால் ஆஸ்திரியப் படைவீரர்கள் அதில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார்கள் என்றும், தெளிப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்தே ஸ்பிரிட்ஸ் என்ற பெயர் வந்தது என்றும் சொல்வார்கள். ஆகவே தண்ணீர் அதன் பிறப்பிலேயே உண்டு, ஆனால் அதை நாம் அளந்து ஊற்ற வேண்டுமே தவிர, ஐஸ் கரைந்து தண்ணீர் சேரக் கூடாது. சோடா உட்பட எல்லாப் போத்தல்களையும் முதல் நாள் இரவே குளிர வைத்து, பெரிய கட்டி ஐஸைக் கிளாசின் விளிம்பு வரை நிரப்புங்கள். ஐஸ் குறைவாக இருந்தால்தான் விரைவில் கரையும்.

இனி வகைக்கு வருவோம். அபெரோலில் மதுச்செறிவு 11 விழுக்காடுதான், இனிப்பும் தூக்கல். கம்பாரியின் செறிவு ஏறக்குறைய இரு மடங்கு. கசப்பும் அதிகமாதலால், ஐஸ் சற்றுக் கரைந்தாலும் சுவை குன்றாது, கோழி வறுவலின் காரத்துக்கும் ஈடு கொடுக்கும். 2005இல் வட இத்தாலியின் தெற்கு டிரோலில் தோன்றிய ஹுகோ, எல்டர்ஃபிளவர் என்ற பூவின் சிரப்பும் புதினாவும் சேர்ந்து மணப்பது. ஆனால் இனிப்புதான் உங்கள் குறை என்றால் அது உதவாது. நான் கம்பாரியையே எடுப்பேன், அளவை மட்டும் இரண்டிலிருந்து ஒன்றரைப் பங்காகக் குறைத்து.

பதில் (ஆயர் ஈத்தாம்):
ஒரு திருத்தம், அண்ணா. கசப்புக்குப் பழகாதவர்கள் கம்பாரியை ஒரு மிடறோடு வைத்துவிடுவார்கள். ஹுகோவில் சிரப்பைப் பாதியாக்கி, ஒரு லிமாவ் கஸ்தூரியைப் பிழிந்தால் இனிப்பு அடங்கிவிடும். கிளாசுக்கு 90 மில்லி என்றால் 750 மில்லி புரொசெக்கோ எட்டுக் கிளாசுக்கு மட்டுமே வரும். இரண்டு போத்தல் வாங்குங்கள். வண்டி ஓட்டுபவர்களுக்கு ஜாதிக்காய் ஜூஸில் சோடா ஊற்றிக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நேற்றிரவு எல்லாவற்றையும் குளிர வைத்துக் கம்பாரியைக் கலந்தேன். அரை மணி நேரம் கழித்தும் சிவப்பு வெளிறவில்லை. அண்ணி மட்டும் ஒரு மிடறு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார், அவருக்கு ஹுகோ.