கல்விக்கடன்: வேலூர்ப் பக்கம் வாங்கினவங்க கொஞ்சம் சொல்லுங்க

குழுவில் இருக்கும் அண்ணன், அக்கா எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் குடியாத்தம். அக்கா பொண்ணுக்குக் கவுன்சிலிங்கில் இன்ஜினியரிங் சீட் கிடைச்சிருக்கு. மாமா கைத்தறி நெசவு. வீட்டில் இவதான் முதல் பட்டதாரி. அந்தச் சான்றிதழால் டியூஷன் பீஸில் சலுகை உண்டு. ஆனா ஹாஸ்டல், சாப்பாடு, புத்தகம், லேப்டாப்புக்குக் கையில் காசு இல்லை. நாலு வருஷத்துக்கும் சேர்த்து 4 லட்சத்துக்குள் கடன் போதும்.

கல்விக்கடனுக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கற வித்யாலட்சுமி போர்ட்டலில் விண்ணப்பிச்சாச்சு. பேங்கில் வீட்டுப் பத்திரம் கேக்கறாங்க. 7.5 லட்சம் வரைக்கும் அடமானம் வேண்டாம், 4 லட்சம் வரைக்கும் நம்ம பங்குன்னு மார்ஜின் பணமும் கட்ட வேண்டாம்னுதானே விதி? பெத்தவங்க கூட்டுக் கடன்தாரரா கையெழுத்து போட்டா போதுமே. வாயால் கேட்டா யாரும் பதில் சொல்லப் போறதில்லை. மறுக்கற காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கினவங்க யாராவது இருக்கீங்களா? காட்பாடி, ஆற்காடு, பேரணாம்பட்டு, எந்த ஊர்க் கிளையா இருந்தாலும் சரி, மேலே யார்கிட்ட போனீங்க?

அடுத்து வட்டி. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தா படிக்கிற காலமும் அதுக்கப்புறம் ஒரு வருஷமும் வட்டியை மத்திய அரசே ஏத்துக்கும்னு படிச்சேன். அதுக்குத் தாசில்தார் தர்ற வருமானச் சான்றிதழே போதுமா? ஒவ்வொரு வருஷமும் புதுசா கொடுக்கணுமா? கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளோட தரத்தை மதிப்பிடற அமைப்பு) அங்கீகாரம் இருக்கான்னு எங்கே பார்க்கறது?

பீஸ் கட்டக் கடைசி நாள் நெருங்குது. கந்துவட்டிக்குப் போகலாம்னு மாமா கிளம்பறார், பிடிச்சு வெச்சிருக்கேன். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.