வயிற்று வலியே இல்லை. இரத்தசோகைக்கு எண்டோஸ்கோபி எதற்கு?

திருமங்கலத்தான்:
அம்மாவுக்கு வயது 61. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்பதால் இரத்தப் பரிசோதனை செய்ததில் ஹீமோகுளோபின் 7.8 என்று வந்தது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் மிகக் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை எழுதிய மருத்துவர், கூடவே வாய்வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் எண்டோஸ்கோபியும் செய்யச் சொல்கிறார். அம்மாவுக்கு வயிற்றில் வலியோ எரிச்சலோ கிடையாது. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிட்டால் இரத்தம் ஊறிவிடும், குழாயெல்லாம் விட வேண்டாம் என்று மறுக்கிறார். இது அவசியம்தானா, செய்தால் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி:
மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இரும்புச்சத்து இந்த அளவுக்குக் குறைந்திருந்தால், சாப்பாடு போதவில்லை என்று முடிவு கட்டும் முன், உணவுப்பாதையில் எங்கேனும் இரத்தம் கசிகிறதா என்று பார்த்தாக வேண்டும். இரைப்பைப் புண்ணிலிருந்து நாள்தோறும் சொட்டுச் சொட்டாகக் கசியும் இரத்தம் மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. புண் இருந்தால் வலிக்கும் என்பதும் இல்லை. மூட்டுவலிக்காக டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளைத் தொடர்ந்து விழுங்குபவர்களுக்கு வலியே தெரியாமல் புண் வருவதுண்டு. அம்மாவிடம் அதை விசாரியுங்கள். நேரடியாகக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். சுருக்குப்பையில் மாத்திரை அட்டை இருக்கும்.

இன்னொன்று, இரும்பு மாத்திரை சாப்பிட்டாலே மலம் கறுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் தார் போல ஒட்டும் தன்மையோடு, கடும் நாற்றத்துடன் போனால், பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கடைத்தெரு:
சென்ற ஆண்டு நான் செய்துகொண்டேன். முந்தைய இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எதுவும் சாப்பிடாமல் வயிற்றைக் காலியாக வைத்திருக்கச் சொன்னார்கள். தொண்டையில் அடித்த மருந்து வேப்பங்காய்க் கசப்பு. சற்று நேரத்தில் தொண்டையே வீங்கிவிட்டதைப் போலவும் எச்சிலை விழுங்க முடியாததைப் போலவும் தோன்றும். அது மரத்துப்போவதுதான். பிறகு இடப்பக்கமாகப் படுக்க வைத்து, பற்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தைக் கடிக்கச் சொன்னார்கள். குழாய் ஏறக்குறைய சுண்டுவிரல் தடிமன்தான். தொண்டையைத் தாண்டும்போது குமட்டிக் கண்ணில் நீர் வந்தது. எச்சிலை விழுங்காமல் வெளியே வழியவிட்டு, மூக்கால் நிதானமாக மூச்சுவிட்டதும் அடங்கியது. உள்ளே காற்றைச் செலுத்துவதால் ஏப்பமாக வரும், அதற்குக் கூச்சப்பட வேண்டாம். மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

சிறிது சதையைக் கிள்ளி எடுத்தது எனக்குத் தெரியவே இல்லை. அதை மஞ்சள் நிற மருந்தில் போட்டார்கள். நான் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் அது இளஞ்சிவப்பாக மாறிவிட்டது. இரைப்பையில் புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருப்பதாகச் சொல்லி 14 நாள் மாத்திரை கொடுத்தார்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எதையாவது அம்மா சாப்பிட்டுவந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அதனால் கிருமி இருந்தும் இந்தச் சோதனையில் தெரியாமல் போகலாம்.

திருமங்கலத்தான்:
செவிலி அம்மா சொன்னது அப்படியே சரி. சுருக்குப்பை இல்லை, அரிசி டப்பா. எட்டு மாதமாக வலி மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். எண்டோஸ்கோபிக்கு இப்போது சம்மதித்துவிட்டார், ஆனால் மயக்க ஊசி போட்டால்தான் வருவேன் என்கிறார்.

ஓய்வுபெற்ற செவிலி:
தாராளமாகக் கேட்கலாம். முழு மயக்கமாக இல்லாமல் அரைத்தூக்கமாக இருக்கும் அளவுக்கே பெரும்பாலும் கொடுப்பார்கள். அன்று அவரைத் தனியே அனுப்பாதீர்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்ற வேண்டும். தொண்டை மரப்பு முழுவதும் நீங்கும் வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, புரையேறும். இதயத்துக்கான ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்றவற்றை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வலி மாத்திரை அப்படியல்ல, அதை இன்றே நிறுத்திவிட்டு, மூட்டுவலிக்கு மாற்று என்ன என்று மருத்துவரிடம் கேளுங்கள். புண் எதுவும் தென்படாவிட்டால் பெருங்குடலையும் பார்க்கச் சொல்வார்கள். இந்த வயதில் இரண்டையும் சேர்த்தே செய்வதும் வழக்கம் என்பதால், தேதி வாங்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.