ஜனவரியில் இரண்டு நாள், இரண்டு முதுகுப்பைகள்: கொலோன் மட்டுமா, பாரிஸ் வரையுமா?

கேள்வி: அமராவதிக்கரை (கரூர்)

அனைவருக்கும் வணக்கம். கரூரில் வீட்டுத் துணி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்சண்டைசராகப் பணிபுரிகிறேன். வரும் ஜனவரியில் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில் நடக்கவுள்ள ஹைம்டெக்ஸ்டில் என்ற வீட்டுத் துணிக் கண்காட்சிக்கு நிறுவனத்தின் சார்பில் செல்கிறேன். கண்காட்சி வெள்ளிக்கிழமை முடிகிறது. ஊர் திரும்பும் விமானம் ஞாயிறு இரவுதான். கோவையில் என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்து படித்த நண்பன் இப்போது அதே நாட்டின் ஆகன் நகரில் முதுகலை படிக்கிறான். ஆளுக்கொரு முதுகுப்பையோடு, செலவைச் சுருக்கிக்கொண்டு, அந்த இரண்டு நாட்களையும் சேர்ந்தே கழிக்க விரும்புகிறோம்.

ஆகனுக்குப் பக்கத்து ஜெர்மன் நகரமான கொலோனில் சந்தித்து, அன்றைக்கே பிரஸ்ஸல்ஸ் போய், மறுநாள் பாரிஸையும் பார்த்துவிடலாம் என்பது அவன் திட்டம். எனக்கோ கொலோன் ஒன்றையே ஆற அமர நடந்து பார்த்தால் போதும் என்று தோன்றுகிறது. வணிக விசாவில் இப்படிச் சுற்றலாமா, குளிருக்கு என்ன உடுத்துவது, எங்கே தங்குவது, முட்டையும் சேர்க்காத எனக்கு அங்கே என்ன கிடைக்கும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: நொய்யல்கரை (கோவை)

தம்பி, முதலில் விசாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான செங்கன் விசா வணிகக் காரணத்துக்காகக் கொடுக்கப்பட்டதானாலும், அதில் குறித்த நாட்களுக்குள் செங்கன் நாடுகளில் சுற்றிப் பார்க்கத் தடையில்லை. கவனிக்க வேண்டியது அந்த நாட்களின் கணக்கைத்தான். விண்ணப்பத்தில் கண்காட்சி நாட்களை மட்டும் எழுதினால் தங்கும் காலத்தையும் அதற்கேற்பக் குறைத்துக் கொடுத்துவிடக்கூடும். ஆகவே பயணத் திட்டம், தங்குமிடப் பதிவு, குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு ஆகிய மூன்றிலும் சனி, ஞாயிறு இரண்டும் அடங்கியிருக்கட்டும்.

நகரங்களைப் பொறுத்தவரை நான் உங்கள் பக்கம். கொலோனிலிருந்து பாரிஸுக்கு அதிவேக ரயிலிலேயே மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். அங்கிருந்து பிராங்க்பர்ட் திரும்ப ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஜனவரியில் அங்கே பொழுது விடியவே காலை எட்டு மணி தாண்டும். மாலை ஐந்துக்குள் இருட்டிவிடும். கிடைக்கும் அந்தச் சிறு பகலையும் ரயில் பெட்டிக்குள் தொலைப்பது நியாயமில்லை.

கொலோனை வெறும் பேராலய ஊர் என்று எண்ண வேண்டாம். கரூரிலும் கோவையை அடுத்த வெள்ளலூரிலும் கிடைத்த ரோமானியக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய பேரரசர்கள் காலத்தவை மிகுதி. ஏறத்தாழ அதே காலத்தில் ரைன் ஆற்றின் கரையில் ரோமானியர் ஆதரவில் எழுந்த குடியிருப்புதான் கொலோன், பொ.ஆ. 50இல் பேரரசர் கிளாடியஸ் ஆட்சியில் அது ரோமானிய நகர உரிமை பெற்றது. பழைய வடக்கு வாயிலின் பக்க வளைவு ஒன்று பேராலயத்தின் முன் திறந்தவெளியில் இன்றும் நிற்கிறது. கரூர்க்காரர் அதைப் பார்க்காமல் கடந்துவிடக் கூடாது.

மறுமொழி: பின்னலாடை (திருப்பூர்)

பாரிஸ் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் ஆகனிலிருந்து கொலோன் ஒரு மணி நேரத் தொலைவுதான். உங்கள் நண்பர் அந்த ஊரைப் பலமுறை பார்த்திருப்பார். அவருக்கும் புதிதாக ஏதாவது இருக்க வேண்டுமல்லவா? அதனால் சந்திக்கும் இடத்தை, பிராங்க்பர்ட்டுக்கும் கொலோனுக்கும் இடையே ரைன் கரையில் உள்ள கோப்ளென்ஸுக்கு மாற்றுங்கள். அவருடைய செமஸ்டர் டிக்கெட் (மாணவர் பயணச் சீட்டு) நாடு முழுவதற்கும் உரியது என்றால் வட்டார ரயில்களில் தனிச் செலவில்லாமல் அங்கே வந்துவிடலாம்.

நீங்கள் சனிக்கிழமை விடிந்ததும் பிராங்க்பர்ட்டிலிருந்து மைன்ஸ் வழியாக ரைன் இடக்கரைப் பாதையில் செல்லும் ரயிலைப் பிடித்து, வலப்பக்கச் சன்னலோரம் உட்காருங்கள். பிங்கனிலிருந்து கோப்ளென்ஸ் வரை ஆற்றின் இருபுறமும் திராட்சைச் சரிவுகளும், குன்றுக்குக் குன்று கோட்டைகளும், கௌப் ஊரருகே ஆற்றின் நடுத்திட்டில் நிற்கும் சுங்கக் கோட்டையும், லோரலை பாறையும் வரிசையாக வரும். அந்தப் பள்ளத்தாக்கை 2002இல் யுனெஸ்கோ உலக மரபிடமாக அறிவித்தது. கோப்ளென்ஸில் மோசல் ஆறு ரைனோடு கலக்கும் முனை வரை நடந்துவிட்டு, அங்கிருந்து இருவரும் சேர்ந்தே கொலோன் செல்லலாம். நம் பவானி கூடுதுறையில் நின்று பார்ப்பதுபோல அங்கும் இரு ஆறுகளின் நீரோட்டத்தையும் ஒருசேரப் பார்க்கலாம்.

உடையைப் பற்றி: நான் பனியன் தொழிலில் இருப்பவன், பருத்திதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. ஆயினும் இந்தப் பயணத்தில் உடம்பை ஒட்டிய முதல் அடுக்காகப் பருத்தி வேண்டாம் என்றே சொல்வேன். பையைச் சுமந்து நடக்கையில் வியர்க்கும். அதை உறிஞ்சிக்கொள்ளும் பருத்தி எளிதில் உலராது. நின்றதும் அந்த ஈரமே குளிரை உடம்பில் ஏற்றிவிடும். மெரினோ கம்பளியோ பாலியஸ்டர் பின்னலோ உள்ளே, அதன்மேல் ஃபிளீஸ் என்னும் கதகதப்பான மேலாடை, வெளியே மழையும் காற்றும் புகாத ஜாக்கெட், காலில் நீர் புகாத பூட்ஸ் என்று போதும். ரைன் கரையோரம் பனிப்பொழிவைவிட மழைத்தூறலே அதிகம். இரண்டு நாளுக்கு 30 லிட்டர் பை தாராளம். சாம்பிள் பெட்டியைத் தயவுசெய்து இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பிராங்க்பர்ட் ஹோட்டலிலேயே பாதுகாப்பில் வைக்கக் கேளுங்கள்.

மறுமொழி: பவானிப் பாசனம் (ஈரோடு)

கொலோனில் சில காலம் வசித்தவன் என்ற முறையில் மற்றதைச் சொல்கிறேன். ஆற்றின் எதிர்க்கரையான டாய்ட்ஸில் இளைஞர் விடுதி உள்ளது. பலர் சேர்ந்து தங்கும் அறையில் ஆளுக்கொரு படுக்கை எடுத்துக்கொள்ளலாம். அங்கிருந்து ரயில்கள் ஓடும் ஹோஹென்சோலர்ன் பாலத்தின் நடைபாதையில் போனால் பேராலயத்தின் பின்புறத்தை அடைவீர்கள்.

பேராலயத்தைக் கட்டத் தொடங்கியது 1248இல், முடித்தது 1880இல், உயரம் 157 மீட்டர். தெற்குக் கோபுரத்தில் 533 படிகள் ஏற வேண்டும். வழியில் 1923இல் வார்த்த, 24 டன் எடையுள்ள மணியைக் காணலாம். குளிர்காலத்தில் கோபுரத்தைச் சீக்கிரமே மூடுவதால், கோப்ளென்ஸில் அதிக நேரம் நிற்க வேண்டாம். துணியும் நிறமும் தொழிலாகக் கொண்ட நீங்கள் உள்ளே தவறவிடக் கூடாதது தெற்குப் பக்கத்துச் சன்னல். போரில் அழிந்த கண்ணாடிக்குப் பதிலாக ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் வடிவமைத்து, 2007இல் திறக்கப்பட்டது. 72 நிறங்களில் ஏறத்தாழ 11,500 சதுரங்கள். வெயில் அடித்தால் கல் தரையெங்கும் அந்த நிறங்கள் விழும். ஞாயிறு முற்பகலில் வழிபாடு நடப்பதால் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள்.

நண்பர் பார்த்திராத இடம் வேண்டுமென்றால் எல்-டே மாளிகைக்குப் போங்கள். நாஜி ரகசியக் காவல் படையின் அலுவலகமாக இருந்த கட்டடம் அது. நிலவறைச் சிறைச் சுவர்களில் கைதிகள் எழுதியும் கீறியும் வைத்தவை இன்றும் உள்ளன. பல மொழிகளில் ஏறத்தாழ 1,800 பதிவுகள். அதற்கென்று நிதானமாக நேரம் ஒதுக்குங்கள்.

உணவுக்குக் கவலை வேண்டாம். ஃபலாஃபெல் கடைகள் நிறைய உண்டு. உருளைக்கிழங்கு அடை பார்க்க நம் பதார்த்தம்போல இருந்தாலும் பெரும்பாலும் முட்டை சேர்த்தே செய்வார்கள், கேட்டு வாங்குங்கள். ஊரிலிருந்து பருப்புப் பொடி, கடலை உருண்டை எடுத்துப் போகலாம். நெய்யும் பால்கோவாவும் வேண்டாம். வெளிநாட்டுப் பயணிகள் பால் பொருட்களைக் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை. ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். ரயில் நிலையக் கடைகள் மட்டும் திறந்திருக்கும்.

திரும்பும்போது பிராங்க்பர்ட் விமான நிலையத்துக்கு அதிவேக ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஆனாலும் தேவையான ரயிலுக்கு இரண்டு ரயில் முன்னதாகவே கிளம்புங்கள். தாமதம் அங்கே சாதாரணம். அந்த ரயில்களில் பல, முதன்மை நிலையத்துக்கு வராமல் எதிர்க்கரையின் டாய்ட்ஸ் நிலையத்திலிருந்தே புறப்படும். எந்த நிலையம் என்பதைச் சீட்டில் பார்த்துக்கொண்டு, அதற்கேற்ற கரையில் ஞாயிறு மாலை இருங்கள்.