அடி விழுந்த மறுநாளை எழுதுகிறவர்கள்

இழையைத் தொடங்குபவர்: திருச்சி வாசகி

தோழிகளுக்கு வணக்கம். பெண்கள் எழுதும் நாவல்களில் குடும்ப வன்முறை வரும் பக்கங்களைப் படித்தபோது உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று கேட்டுத்தான் இதைத் தொடங்குகிறேன். கதையைப் பற்றி மட்டும் எழுதினாலும் போதும். சொந்த வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை. சொல்வதானால் பெயர்கள் வேண்டாம்.

நான் பள்ளி நாட்களிலிருந்து மாத நாவல் படிப்பவள். அம்மா வாடகை நூலகத்திலிருந்து எடுத்து வருவார். அடுப்படி வேலை முடிந்ததும் அவர் படிப்பார், அவர் தூங்கியதும் நான் படிப்பேன். இப்போது எல்லாம் கைபேசியில் தொடர்கதைகள். நாயகன் பணக்காரன், முரடன், மனதுக்குள் ஏதோ பழைய காயம் உள்ளவன். கட்டாயத் தாலி கட்டுகிறான். ஓர் அத்தியாயத்தில் நாயகியை அறைகிறான். அடுத்த அத்தியாயத்தில் அந்தக் கன்னத்தில் அவனே மருந்து தடவுகிறான், கண் கலங்குகிறான், அவள் இளகிவிடுகிறாள். எழுதுவதும் பெண், படிப்பதும் பெரும்பாலும் பெண்கள்.

அண்மையில் ஒரு தொடரில் மாமியாரை எதிர்த்துப் பேசியதற்காக நாயகிக்கு அடி விழுந்தது. 'அவள் பேசியதும் தப்புதானே' என்று வாசகிகள் பலர் கீழே எழுதியிருந்தார்கள். எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வி உண்டு: எந்தெந்தக் காரணத்துக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயம்? ஏழு காரணங்களை வாசித்துக் காட்டிக் கேட்பார்கள். சொல்லாமல் வெளியே போவது, வீட்டையோ பிள்ளைகளையோ கவனிக்காமல் விடுவது, எதிர்த்துப் பேசுவது, உறவுக்கு மறுப்பது, ஒழுங்காகச் சமைக்காதது, அவள் நடத்தையில் அவனுக்குச் சந்தேகம் வருவது, மாமனார் மாமியாரை மதிக்காதது. 2019-21 கணக்கெடுப்பில் இந்தியப் பெண்களில் 45 சதவீதம் பேர் இவற்றில் ஒரு காரணமாவது நியாயம் என்று சொல்லியிருக்கிறார்கள். நம் தொடர்களில் நாயகன் கை ஓங்கும் இடங்களை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு கதை பின்னியது போலவே இருக்கும்.

கதையில் அடியே வரக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அடி விழுந்த மறுநாளை எழுதுகிறார்களா என்றுதான் பார்க்கிறேன். மறுநாளும் பால் காய்ச்ச வேண்டும், பிள்ளைக்குத் தலை பின்னிவிட வேண்டும், வீங்கிய முகத்தோடு காய்காரரிடம் சில்லறை வாங்க வேண்டும், கேட்பவர்களிடம் 'கதவில் இடித்துக்கொண்டேன்' என்று சொல்ல வேண்டும். காதல் தொடர்கள் இந்தக் காலைப்பொழுதைத் தாண்டிக் குதித்து, மருந்து தடவும் இரவுக்குப் போய்விடுகின்றன.

மீனா கந்தசாமி ஆங்கிலத்தில் எழுதி 2017-இல் வெளிவந்த 'வென் ஐ ஹிட் யூ' முழுக்க முழுக்க அந்தக் காலைப்பொழுதுதான். கணவன் கல்லூரி ஆசிரியன், புரட்சி பேசுகிறவன். மொழி தெரியாத மங்களூரில் அவளைக் கொண்டுபோய்க் குடிவைக்கிறான். எடுத்த எடுப்பில் அவளை அடிப்பதில்லை. முகநூலை விட்டு விலகச் சொல்கிறான். அவள் தயங்கியதும் தீக்குச்சியைக் கிழித்துத் தன் தோலையே சுட்டுக்கொள்கிறான். பிறகு கடவுச்சொல் கேட்கிறான், ஒருநாள் அவளுடைய மின்னஞ்சல்களை மொத்தமாக அழித்துவிடுகிறான். அவன் வீட்டில் இல்லாத நேரத்தில் அவள் கற்பனைக் காதலர்களுக்குக் கடிதம் எழுதுகிறாள், அவன் திரும்பும் முன் அழித்துவிடுகிறாள். தொலைபேசியில் அப்பாவும் அம்மாவும் பொறுத்துப் போகச் சொல்கிறார்கள்.

அந்த நாவலின் தொடக்கம் என்னை விட்டுப் போகவே இல்லை. தப்பித்து வந்து வருடங்கள் ஆன பிறகும், மகள் எப்படி வீடு திரும்பினாள் என்று அம்மா பார்ப்பவரிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் வாயில் வருவது மகள் வாங்கிய அடி அல்ல. கருத்து வெடித்த பாதமும் தலை நிறைய இருந்த பேனும்தான். அம்மாக்களால் அவ்வளவுதான் வெளியே சொல்ல முடிகிறது. மகள் தன் கதையைத் தானே எழுத உட்காருவது அதனால்தான்.

உங்கள் அனுபவங்களை எழுதுங்கள்.

மதுரையிலிருந்து ஓர் ஆசிரியை

அக்கா, நான் பாமாவின் 'சங்கதி'யைச் சொல்வேன். 1994-இல் வந்தது. ராக்கம்மா வரும் இடத்தைக் கல்லூரியில் படித்தபோது வகுப்பே கூச்சத்தில் நெளிந்தது. புருஷன் மயிரைப் பிடித்து இழுத்து, வயிற்றில் உதைக்கிறான். ராக்கம்மா தெருவே கேட்கும்படி வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுகிறாள், கடைசியில் அத்தனை பேர் முன்னால் சேலையைத் தூக்கிவிடுகிறாள். அவன் இடத்தைக் காலி செய்கிறான். முகம் சுளிக்கிற பெண்களிடம், இப்படிச் செய்திருக்காவிட்டால் தன் மண்டை பிளந்திருக்கும் என்கிறாள். அவளுக்குக் கிடைத்த ஒரே ஆயுதம் அது. அதை அசிங்கம் என்று வகுப்பில் சொன்னவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

ராக்கம்மாவின் தெருவில் சத்தமாவது வெளியே வந்தது. நான் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஒரு வீட்டில் அடி விழுந்தால் முதலில் சன்னல் சாத்தப்படும், பிறகு தொலைக்காட்சியின் சத்தம் கூடும். ஒருநாள் அந்தச் சத்தத்தையும் மீறி ஒரு பாத்திரம் உருண்டது. என் கணவர், 'அடுத்தவர் குடும்ப விஷயம்' என்றார். நான் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், உறைமோர் வேண்டும் என்று கதவைத் தட்டினேன். திறக்க நேரமானது. கதவைத் திறந்தவர் அந்த வீட்டுக் கணவர்தான், சிரித்துக்கொண்டே. 'நானே எடுத்து வருகிறேன்' என்றார். 'இல்லை சார், எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குத்தான் தெரியும்' என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்துவிட்டேன். அவள் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மோர் ஊற்றினாள். கை நடுங்கிக் கிண்ணத்தின் வெளியே வழிந்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. சில வாரங்கள் கழித்து அவளே கிண்ணத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். அன்று பேசினாள்.

பக்கத்து வீட்டுக்காரர்களை வைத்து யாராவது நாவல் எழுத வேண்டும். கேட்டும் கேட்காததுபோல் இருக்கிற நம்மையெல்லாம் வைத்து.

பெயர் வேண்டாம் என்ற தோழி

என் கணவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. அதனாலேயே எனக்கு நடப்பதற்குப் பெயர் தெரியாமல் இருந்தேன். என் சம்பளம் என் வங்கிக் கணக்கில்தான் விழும், பண அட்டை அவரிடம். காலையில் பஸ் கட்டணம் எண்ணித் தருவார், மாலையில் டிக்கெட்டையும் மீதிச் சில்லறையையும் மேசைமேல் வைக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களுக்கு அணையாடை வாங்கினால் அதற்கும் ரசீது. ஒருமுறை மீதி குறைந்தது. தோழிக்கு டீ வாங்கிக் கொடுத்ததாகச் சொன்னேன். அவர் கத்தவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பத்திரிகைச் சிறுகதையில், சேலை மடிப்பில் பத்து ரூபாயை ஒளித்துவைக்கும் ஒரு வங்கி ஊழியை வந்தாள். படித்துவிட்டு அலுவலகக் கழிவறையில் அழுதேன். எழுதியவர் அவளுக்கு ஓர் அடிகூட விழ வைக்கவில்லை. அதன் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன். 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் உடல், பாலியல் வன்முறைகளோடு, சொல்லாலும் மனத்தளவிலும் செய்யும் கொடுமையையும் பொருளாதாரக் கொடுமையையும் சேர்த்தே சொல்கிறது. புகாரைப் பதிவு செய்து நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக மாவட்டந்தோறும் பாதுகாப்பு அலுவலர் உண்டு. பாதுகாப்பு ஆணை, அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமை, பண உதவி எல்லாம் கேட்கலாம். காயம் இருந்தால்தான் வழக்கு என்று நினைத்திருந்த எனக்கு அதுவே பெரிய செய்தி.

இப்போது தனியாக இருக்கிறேன். பண அட்டை என் கைப்பையில் இருக்கிறது.

தொடர்கதை எழுதும் ஒருவர்

எழுதுகிற பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை சொல்கிறேன். வாசகிகளின் ஆதரவில்தான் எங்கள் தொடர் ஓடுகிறது. சென்ற தொடரில் என் நாயகி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள். அன்றிலிருந்து ஒரே கோரிக்கை: 'குழந்தைக்காகவாவது சேர்த்து வையுங்கள்', 'அவன்தான் திருந்திவிட்டானே'. கோபித்துக்கொண்டு பாதியில் விலகியவர்களும் உண்டு. நான் சேர்த்து வைக்கவில்லை. அவள் வாடகைக்கு வீடு தேடி அலைவதை, 'கணவர் எங்கே வேலை பார்க்கிறார்' என்ற கேள்விக்கு ஒவ்வொரு வாசலிலும் பதில் சொல்வதைப் பல அத்தியாயங்கள் எழுதினேன். படித்தவர்கள் குறைந்தார்கள். ஆனால் தனிமடலில் வந்தவை நீளமான கடிதங்கள்.

நாயகனுக்கு ஒரு சோகமான இளமையைக் கொடுத்துவிட்டால் அவன் கையை ஓங்கலாம் என்று நாங்கள் பழகிவிட்டோம். ஹான் காங் எழுதிய கொரிய நாவல் தமிழில் 'மரக்கறி' என்று வந்திருக்கிறதே, அதன் முதல் பகுதியைக் கணவனே சொல்கிறான். அவனுக்கு எந்தப் பழைய காயமும் இல்லை. மனைவி இறைச்சி சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள் என்பதுதான் அவன் குறை. குடும்பமே கூடியிருக்க, அவளுடைய அப்பா அவளை அறைந்து வாயில் இறைச்சியைத் திணிக்கிறார். கணவன் அதை ஏதோ அலுவலக விஷயம்போலச் சொல்லிக்கொண்டு போகிறான். இரக்கம் தேட அவனுக்கு ஒரு சாக்குகூட ஆசிரியர் கொடுக்கவில்லை. என் அடுத்த தொடரில் அந்தத் துணிவோடு எழுதிப் பார்க்கப் போகிறேன்.

மீண்டும் திருச்சி வாசகி

எல்லோருக்கும் நன்றி. பண அட்டை பற்றி எழுதிய தோழிக்கு என் அன்பு. படித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்களுக்கு: பெண்களுக்கான உதவி எண் 181, இரவிலும் எடுப்பார்கள். அழைப்புப் பட்டியலிலிருந்து எண்ணை உடனே அழித்துவிடுங்கள், கைபேசியைச் சோதிக்கிற வீடுகள் உண்டு.

ஆசிரியைத் தோழி கேட்டதுபோலப் பக்கத்து வீட்டுக் கண்ணோடு எழுதப்பட்ட கதையோ, அடியைப் பார்த்தபடி வளரும் பிள்ளையின் கண் வழியே பெண் எழுத்தாளர் எழுதியதோ தெரிந்தால் தலைப்பையும் ஆசிரியர் பெயரையும் இங்கே போடுங்கள். எங்கள் தெரு நூலகத்துக்கு இந்த மாதம் புத்தகம் வாங்குகிறார்கள், பட்டியல் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் இருக்கிறது.