மாமி ஒப்பரேஷனுக்கு வர மாட்டேன் என்கிறார்: "மௌத்தானா எரிச்சிருவாங்க"

கிண்ணியா மருமகள்:
அஸ்ஸலாமு அலைக்கும். என் மாமிக்கு 67 வயது. பித்தப்பையில் கல். மூன்று தடவை நோவு வந்து விடியவிடியத் துடித்துவிட்டார். ஒப்பரேஷனுக்குத் திகதி தந்துவிட்டார்கள். மாமி அசையவே இல்லை. கத்திக்குப் பயமில்லை. "அங்க மௌத்தானா என்னை எரிச்சிருவாங்க மகள்" என்கிறார்.

2021 ஜனவரியில் மாமியின் காக்கா (அண்ணன்) கொழும்பில் கொரோனாவில் மௌத்தானார். குளிப்பாட்டவில்லை, மௌத்தானவருக்குச் சுற்றும் கபன் துணியும் இடவில்லை. எரித்த பிறகுதான் எங்களுக்கு ஃபோன் வந்தது. உம்ராவிலிருந்து ஸம்ஸம் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவந்த கபன் துணி மாமியின் பெட்டியில் இருக்கிறது. அன்று இரவு முழுக்க அதை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அதற்குப் பிறகு எந்தக் காய்ச்சலுக்கும் பனடோல்தான், கிளினிக் பக்கமே போவதில்லை.

இப்போது சட்டம் என்ன? "என்னை அடக்க வேண்டும்" என்று கடிதம் எழுதிக் கொடுத்தால் வார்டில் ஏற்பார்களா? தயவுசெய்து "பயப்படாதீங்க" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை நான் நூறு தடவை சொல்லிவிட்டேன்.

சட்டம் படிக்கிறவன்:
சகோதரி, கட்டாய எரிப்பு 2020 ஏப்ரல் 11 அரச வர்த்தமானி அறிவித்தலில் வந்தது. அதுவும் கொரோனா மரணங்களுக்கு மட்டும். அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் உயர் நீதிமன்றம் போனார்கள். டிசம்பர் 1ஆம் திகதி மனுக்கள் தள்ளுபடியாகின. 2021 பெப்ரவரியில்தான் அடக்க அனுமதி வந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. அடக்குவதா எரிப்பதா என்பதை அவரவர் தெரிவுக்கு விடச் சட்டம் கொண்டுவருவதாகவும் முடிவு.

அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை மத சுதந்திரத்தைத் தருகிறது. 14இல் அதை அனுஷ்டிக்கும் உரிமை உண்டு. ஆனால் 15(7) பொதுச் சுகாதாரத்துக்காக அந்த அனுஷ்டானத்தைக் கட்டுப்படுத்த இடம் விடுகிறது. உங்கள் மாமியின் பயம் முட்டாள்தனமல்ல. நடந்ததைப் பார்த்தவரின் பயம் அது. ஆனால் பித்தப்பை ஒப்பரேஷனுக்கும் அந்த வர்த்தமானிக்கும் சம்பந்தமே இல்லை.

மூதூர்க்காரன்:
கொரோனாவில் மௌத்தான என் உம்மாவை 2021இல், அந்த மரணங்களுக்கென்று ஒதுக்கிய ஓட்டமாவடியில் அடக்கினோம். வெருகல், வாகரை தாண்டி ஆம்புலன்ஸுக்குப் பின்னால் போனோம். கிட்ட நிற்க ஒரு சிலருக்குத்தான் விட்டார்கள். அங்கே 3,600க்கு மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள், எல்லா மதத்தாரும். கப்ர் தூரம்தான், ஆனாலும் எனக்குப் போய்ச் சலாம் சொல்ல ஓர் இடம் இருக்கிறது. உங்கள் மாமியின் காக்காவுக்கு அதுவும் இல்லையே. அவரிடம் முதலில் காக்காவைப் பற்றிப் பேச விடுங்கள்.

உவர்மலை மிஸ்ஸி:
தங்கச்சி, நான் 31 வருஷம் வார்டில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவள். சைவக்காரி. எங்களுக்கு எரிப்பதுதான் முறை, ஆனால் அந்த நாட்களில் வாய்க்கரிசி போடாமல், முகம் பார்க்காமல் போனவர்களின் பிள்ளைகள் வாசலில் நின்று அழுததைப் பார்த்தவள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

இப்போது வார்டில் ஒருவர் இறந்தால் உடலைக் குடும்பத்திடம் ஒப்படைப்பார்கள். விபத்தோ காரணம் தெரியாத மரணமோ என்றால் மரண விசாரணை முடியும்வரை பொறுக்க வேண்டிவரும், அவ்வளவுதான். கடிதத்தைத் தமிழில் எழுதி மாமியின் கையொப்பத்தோடு கொடுங்கள். சட்டத்தில் அதன் பெறுமதி வேறு விஷயம். வார்டில் பெட்ஹெட் டிக்கெட்டோடு (நோயாளியின் சிகிச்சைக் குறிப்போடு) வைக்கச் சொன்னால் வைப்பார்கள், நான் வைத்திருக்கிறேன். தாமதிக்க வேண்டாம். கல் நழுவிப் பித்தக்குழாயை அடைத்தால் மஞ்சட்காமாலை வரும், கணையம் வீங்கும். அப்போது அவசரமாகச் செய்வதுதான் ஆபத்து.

கிண்ணியா மருமகள்:
ஜஸாக்கல்லாஹ், அக்கா. நேற்றிரவு காக்காவைப் பற்றி விடிய ஒரு மணிவரை பேசினார். பிறகு கடிதத்தை அவரே சொல்லச் சொல்ல மகன் எழுதினான். செவ்வாய்க்கிழமை போகிறோம். ஆஸ்பத்திரிப் பையில் கபன் துணியையும் வைத்திருக்கிறார், நான் எடுக்கவில்லை. இன்னொன்று கேட்கிறார்: மயக்க மருந்து கொடுக்கும்போது வாய்விட்டுக் கலிமா சொல்ல விடுவார்களா?

உவர்மலை மிஸ்ஸி:
விடுவார்கள். எத்தனையோ பேர் சொல்லிக்கொண்டே தூங்கியதை நான் கேட்டிருக்கிறேன். ஒப்பரேஷன் தியேட்டருக்குள் போகும்போதே மிஸ்ஸியிடம் சொல்லிவைக்கச் சொல்லுங்கள்.