முழங்காலைவிட வலித்தது காத்திருப்பு

ஒரு தொழில்முறை ரக்பி அணியில் ஆறு ஆண்டுகள் பிசியோவாக இருந்தேன். அங்கே பார்த்த ஒருவரைப் பற்றி எழுதுகிறேன், பெயர் வேண்டாம்.

அவர் ப்ராப். ஸ்க்ரம் என்பது இரு அணியிலிருந்தும் எட்டெட்டுப் பேர் கோத்து நின்று பந்துக்காகத் தள்ளுவது; அதன் முதல் வரிசையில் நின்று, எதிரணியின் எட்டுப் பேர் தள்ளும் பாரத்தைக் கழுத்திலும் தோளிலும் வாங்கி முட்டுக்கொடுப்பவர். இரண்டு காதும் நசுங்கி உருண்டுபோயிருக்கும். அப்படிப்பட்ட மனிதர் விழுந்தது ஆட்டத்தில் அல்ல, பயிற்சியில். யாரும் தொடக்கூட இல்லை. ஓடிக்கொண்டே திரும்பினார்; பாதம் புல்லில் ஊன்றி நின்றுவிட்டது, உடல் மட்டும் திரும்பியது. ஜவ்வு கிழிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை, அதன்பின் ஒன்பது மாதங்கள்.

வலியை அவர் பொருட்படுத்தியதே இல்லை. அவரை அரித்தது வேறு. அவர் இடத்தில் இறங்கிய இருபது வயதுப் பையன் நன்றாக ஆடினான். ஒரு திங்கட்கிழமை சிகிச்சை அறைக்கே வந்து, ஸ்க்ரமில் எதிராளியின் ஜெர்சியை எங்கே பிடிப்பது என்று கேட்டான். இவர் படுத்தபடியே தலையணையை இழுத்து, முழங்கை தாழாமல் பிடிப்பது எப்படி என்று பொறுமையாகக் காட்டினார். பையன் போனதும், "நல்ல பையன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தக் கோடையில் அவருடைய ஒப்பந்தம் முடிகிறது. கைபேசியை எப்போதும் கவிழ்த்தே வைத்திருப்பார். அதிர்ந்தால் மட்டும் கண் அங்கே போகும்.

தேற்றுவதாக நினைத்து ஸ்டீபன் டொனால்டின் கதையைச் சொன்னேன். 2011 உலகக் கோப்பைக்கான நியூசிலாந்து அணியில் அவருக்கு இடமில்லை. அவர் ஆடும் அதே இடத்தில் ஆடிய டான் கார்ட்டர் காயமடைந்தார், பிறகு காலின் ஸ்லேடும். ஆற்றில் மீன் பிடித்துக்கொண்டிருந்த டொனால்டு, பயிற்சியாளரின் அழைப்புகளை முதலில் கவனிக்கவே இல்லை. இறுதி ஆட்டத்தில் ஆரோன் குரூடனும் காயத்தால் வெளியேற, உள்ளே வந்த டொனால்டு அடித்த பெனால்டிதான் பிரான்சை 8-7 என்று வென்று கொடுத்தது.

"எல்லாப் பிசியோக்களும் இந்தக் கதையைத்தான் சொல்கிறீர்கள்" என்றார் அவர். "அழைப்பே வராதவர்களின் கதையை ஒருவரும் சொல்வதில்லை."

திரும்பி வந்து பதினோரு ஆட்டங்கள் ஆடினார். அடுத்த ஒப்பந்தம் இரண்டாம் டிவிஷனில், பாதிச் சம்பளத்துக்கு.

* * *

மேலே எழுதிய பிசியோவுக்குப் பதில்: நான் விங்காக, அதாவது மைதானத்தின் ஓரத்தில் ஓடுபவனாக, எட்டு சீசன் ஆடியவன். முழங்காலாவது ஸ்கேனில் தெரிகிறது, ஐயா. தலைக்கு என்ன செய்வது?

2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் (ஸ்க்ரமின் முதல் வரிசையில் நடுவில் நிற்பவர்) ஸ்டீவ் தாம்சன், தமக்கு இளவயது மறதிநோய் வந்திருப்பதாக 2020-இல் வெளியே சொன்னார். அந்தக் கோப்பையை வென்றதே அவருக்கு நினைவில் இல்லை. ஒரு ஆட்டக்காரரின் உச்சம் அது, அவரிடமே இல்லை. படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

எங்களையும் சும்மா விடக் கூடாது. சீசன் தொடங்குமுன் நினைவாற்றலைச் சோதித்துப் பதிவுசெய்வார்கள். பின்னர் தலையில் அடிபட்டால் அந்தப் பதிவோடுதான் ஒப்பிடுவார்கள். எங்களில் சிலர் அந்த முதல் சோதனையிலேயே வேண்டுமென்று மந்தமாகப் பதில் சொல்வோம். அடிபட்ட பிறகும் வித்தியாசம் தெரியாது, இடமும் போகாது. நானே செய்திருக்கிறேன். வெளியே உட்கார்ந்தால் இடம் போய்விடும் என்ற பயம், அவ்வளவுதான். மேலே சொன்ன அந்த இருபது வயதுப் பையன் எல்லா அணியிலும் ஒருவன் இருப்பான்.

* * *

மேலே முதலில் எழுதிய பிசியோதான். எங்கள் அணியில் அந்தச் சோதனையை நடத்தியவன் நானே. ஐந்து சொற்களைப் படிப்பேன். மூன்றைத் திருப்பிச் சொல்லிவிட்டு, "எனக்கு எப்போதும் இவ்வளவுதான்" என்று கண்ணடிப்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே மூன்று என்று எழுதியிருக்கிறேன்.